காரமட்டத்து ஃபேக்டரிக்குள் குடியேறிய மஞ்சு

காரமட்டத்துத் தேயிலை ஃபேக்டரிக்குள் மஞ்சு நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இலை லாரி வந்து நின்று மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், மலை முழுக்க வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்குச் சரிவிலிருந்து மேய்ச்சல் முடிந்த எருமையைப் போல அசைந்து அசைந்து ஏறி வந்த அது, வாசலில் ஒரு கணம் நின்று, யாரையும் கேட்காமல் உள்ளே போய், எந்திரங்களுக்கு நடுவிலும் படிக்கட்டிலும் மாடியிலும் பரவிப் படுத்துக்கொண்டது. மூடுபனியை அந்தப் பக்கத்தில் மஞ்சு என்பார்கள். அது வருவதும் போவதும் மலையில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. "மஞ்சு உள்ள போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்கள்.

ஆனால் அது மத்தியானமும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. வெளியே துணி காயும் வெயில். உள்ளே நீட்டிய கை தனக்கே தெரியாத வெண்மை. அந்த வெண்மையில் ஈரம் இல்லை, குளிர் இல்லை, தேயிலைத் தூள் நமத்துப் போகவில்லை. பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அது இருந்தபடியே விட்டுவைத்தது.

மஞ்சு வந்தபோது மேனேஜர் தமயந்தி மாடியில் தன் கண்ணாடி அறையில் நின்றுகொண்டிருந்தாள். கோவில்பட்டிக்காரி. இருபது வருடமாகத் தேயிலையோடு கிடந்தவள், ஒரு கை இலையைக் கசக்கி மோந்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவாள். மூன்று மாதத்துக்கு முன் அவளைக் காரமட்டத்துக்கு அனுப்பும்போது கூட்டுறவுச் சங்கத் தலைவர், "இந்த சீசன் முடியறதுக்குள்ள நிமிர்த்துங்க, இல்லைன்னா பூட்டிட்டு சாவியக் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார். வந்த முதல் நாளே, முன்பிருந்த மேனேஜர் அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்து வைத்திருந்த அந்தக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள். அங்கே நின்றால் கீழே எல்லாம் தெரியும். இலையை நசுக்கி வெட்டும் எந்திரங்கள், வெட்டிய இலை பழுக்கும் தரை, இலையை உலர்த்தும், விறகு அடுப்போடு சேர்ந்த டிரையர், சலிக்கும் பெண்கள், யார் உட்கார்ந்தது, யார் சிரித்தது, யார் எத்தனை தடவை எழுந்து வெளியே போனது. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நிர்வாகம் என்று அவள் நம்பினாள். அவளுக்கு மேலே இருந்தவர்களும் அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டே இருந்திருந்தார்கள்.

கண்ணாடி வெள்ளையானதும் அவள் தட்டுத்தடுமாறிப் படியிறங்கி வந்து, "எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்தினாள். எந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சடங்கி நின்றன. அப்போதுதான் அந்தக் கட்டடத்தின் மௌனத்தை அவள் முதன்முதலாகக் கேட்டாள். எங்கோ ஒருவர் இருமினார். பிறகு இருமிய திசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், எந்திரம் நிக்கும். இலை நிக்காது."

டிரையர் அடுப்பைப் பார்க்கும் போஜன். படுகர், அறுபதை நெருங்கியவர், புகையிலேயே வாழ்ந்து இருமலையும் கூடவே வளர்த்தவர். அவர் சொன்னது அவளுக்கும் தெரியும். முந்தின நாளே வாட்டத் தொடங்கிய இலை மாடித் தொட்டிகளில் கிடந்தது. இனி அதை வெட்டாவிட்டால் குப்பை, வெட்டினால் எந்திரத்தில் யார் விரலாவது போகும். அவள் ஒரு உத்தரவு போட வாய் திறந்தாள். வாயில் உத்தரவு எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியல" என்றாள்.

தனக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தாள். மஞ்சு அந்தச் சொல்லை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஒரு மேனேஜர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து அவர்கள் கேட்டதில்லை. பிறகு ஒரு மூலையிலிருந்து "கயிறு கட்டலாமே" என்றது ஒரு குரல். "வாசல்லருந்து எந்திரத்துக்கு ஒரு கயிறு, டிரையருக்கு ஒரு கயிறு." "கயிறு இருந்தாப் போதுமா, எந்திரம் எங்க இருக்குன்னு சத்தம் வேணும்." "எந்திரம்தான் சத்தம் போடுமே?" "எல்லா எந்திரமும் ஒரே சத்தம்தான் போடும், மனுசன் சத்தம்தான் வேற வேற." குரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, இரண்டு பேர் சண்டைக்கே போனார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் தமயந்தி கயிறும் கட்டச் சொன்னாள், ஒவ்வொரு எந்திரத்துக்கும் பக்கத்தில் ஓயாமல் குரல் கொடுக்க ஒரு ஆளும் போட்டாள்.

அன்று பிற்பகல் எந்திரங்கள் மறுபடி ஓடின. வெட்டும் எந்திரத்தருகே நின்றவன், சொல்ல வேறு எதுவும் தோன்றாமல், மலையிறங்கும் பஸ் நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தான். கோத்தகிரி, அரவேணு, குஞ்சப்பனை, மேட்டுப்பாளையம், திரும்பவும் கோத்தகிரி. சலிக்கும் இடத்தில் செவனம்மா தாலாட்டுப் பாடினாள். நாற்பது வருடத்துக்கு முன் கைக்குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள், சலிக்கும் பெண்களில் மூத்தவள். டிரையர் பக்கம் யாரும் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போஜனின் இருமல் இருந்தது. பழுக்கும் இலையின் நிறத்தைப் பார்க்க வழியில்லாததால் தமயந்தி தரையில் மண்டியிட்டு அதன் வாசனையைப் பிடித்தாள். பச்சைப்புல் வாசனை கனிந்து பழவாசனையாகத் திரும்பும் நொடியில் "எடுங்க!" என்று குரல் கொடுத்தாள், கயிற்றைப் பிடித்தபடி பெண்கள் வந்து அள்ளினார்கள்.

ஊர் அந்த மஞ்சைத் தன் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து தேங்காய் உடைத்தார், உடைத்த மூடிகளை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபேக்டரிகளைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் வாசல்வரை வந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "வெளிச்சம் போதாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சங்கத் தலைவர் போனில், "ஃபேன் போடுங்கம்மா, போயிரும்" என்றார். ஃபேன் போட்டார்கள். மஞ்சு ஃபேனைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது. யூனியன் செயலாளர் தங்கையா, குளிருக்குக் குளிர்ப்படி என்று கூடுதல் பணம் தருவதுபோல மஞ்சுப்படியும் வேண்டும் என்று வாசலில் பேசினார். பேசி முடித்து உள்ளே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் எந்திரத்துக்குப் போனார். தோட்டக் குடியிருப்பில் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பொங்கலில் வந்த சண்டையால் வருடக்கணக்காக முகம் பார்க்காத நாத்தனாரும் அண்ணியும், யாரென்று தெரியாமலே மஞ்சுக்குள் ஒரு காலை முழுக்க மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வேளைக்கு வெயிலில் வந்து ஒருவரையொருவர் பார்த்ததும் வாயடைத்து நின்றார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். ஆடி மாதம் பிறந்தபோது, மஞ்சு இல்லாத ஃபேக்டரி எப்படி இருந்தது என்று குழந்தைகள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

தமயந்தி மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே நடந்தாள். ஒரு நாள் சலிப்பவர்கள் பக்கம் நின்று, பொதுவாக, "தூசி ஜாஸ்தியா இருக்கே, தொண்டை காயலியா? தண்ணி குடிங்களேன்" என்றாள்.

"குடிச்சா எழுந்து போகணும்ல" என்றது வெண்மையிலிருந்து ஒரு குரல்.

"போங்க. அதுக்கென்ன?"

"போனா நீங்க மேலருந்து பாப்பீங்க. அதான் நாங்க காலையிலருந்தே தண்ணி குடிக்கறதில்ல. நீங்க வந்ததுலருந்து இப்படித்தான்."

தமயந்திக்குக் காது சூடாயிற்று. "யாரு பேசறது?" என்றாள் சட்டென்று.

தாலாட்டு நின்றுவிட்டது. மஞ்சுக்குள் இருபது பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதை அவளால் உணர முடிந்தது. அந்த மௌனத்தின் நடுவே நின்றபோது அவளுக்குத் தன் முதல் வேலை ஞாபகம் வந்தது, அப்போதும் ஒரு மேனேஜர் "யாரு பேசறது?" என்று கேட்டார், பேசியவள் தமயந்திதான், அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் அவள் பேசவே இல்லை. அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, யாருன்னு வேண்டாம்" என்றாள். "அப்புறம்? வேற என்ன?"

வெகுநேரம் கழித்து இன்னொரு மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. சல்லடையின் கால் ஒன்று ஆடுகிறது, தூக்கி வைத்தால் தூசி பாதியாகும். இலை எடை போடுபவன் சின்ன விவசாயிகளின் மூட்டையில் ஈரம் என்று சொல்லிக் கூடுதலாகக் கழிக்கிறான், அதனால் நல்ல இலை எல்லாம் தனியார் ஃபேக்டரிக்குப் போகிறது. கர்ப்பமாக இருப்பவள் ஒருத்தி அதை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறாள். சொன்னவற்றில் சில பொய்யாகவும் இருந்தன, சில பழைய பகையிலிருந்து வந்தன, ஒருவருக்கொருவர் அதே மஞ்சுக்குள் மறுத்தும் பேசினார்கள். தமயந்தி எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றிரண்டை அன்றே செய்தாள், சிலவற்றை விசாரித்துவிட்டு விட்டுவிட்டாள். விட்டதற்குக் காரணத்தை மறுநாள் வெண்மையைப் பார்த்து உரக்கச் சொன்னாள். சலிக்குமிடத்தில் தண்ணீர்ப் பானை வந்தது. நல்ல இலை திரும்பி வர ஆரம்பித்தது. நாள் போகப்போக, அடையாளம் கேட்காமலே குரல்கள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டை, யார் சம்பளத்தன்று மட்டும் சந்தோஷமாகப் பேசுவார் என்பது வரை தெரிந்தது. முகம்தான் எதற்கும் பொருந்தவில்லை. வெளியே வெயிலில் வணக்கம் சொல்லிப் போகிறவர்கள் வாயைத் திறக்கும்வரை அவளுக்கு அந்நியர்கள்.

அந்த மாத ஏலத்தில் காரமட்டத்துத் தேயிலை நல்ல விலைக்குப் போனது. தலைவர் போனில் முதல்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த வாரத்தில்தான் போஜன் வந்தார். இருமல் முதலில் வந்து, பின்னால் அவர் வந்தார்.

"மேடம், டிரையருக்குப் போற சூட்டுக் குழாய்ல விரிசல் விட்டிருக்கு. தடவிப் பாத்தேன். பொறி உள்ள போற மாதிரி இருக்கு."

"வெல்டர் வர வெள்ளிக்கிழமை ஆகுமே, போஜண்ணா."

"அதுவரைக்கும் நிறுத்திட்டா நல்லது."

மாடித் தொட்டிகள் நிறைந்து வழிந்தன. வராத விவசாயிகளெல்லாம் வர ஆரம்பித்திருந்த நேரம், இப்போது லாரியைத் திருப்பி அனுப்பினால் மறுபடி வருவார்களா? அவள் கணக்குப் போட்டது அதைத்தான். கூடவே, தலைவர் தன் பெயரைச் சொன்ன விதமும் அவள் காதில் இருந்தது.

"வெள்ளி வரைக்கும் சூட்டைக் குறைச்சு ஓட்டுவோம்" என்றாள்.

போஜன் கொஞ்சம் நின்றார். "சரிங்க மேடம்" என்றார். அந்தச் 'சரிங்க'வின் அடியில் ஏதோ கனமாகக் கிடந்தது அவளுக்குக் கேட்டது. கேட்டும் அவள் நடந்து போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மஞ்சுக்குள் வேறொரு வாசனை வந்தது. கருகும் தேயிலையின் வாசனை. தமயந்தி நிமிர்வதற்குள் டிரையர் பக்கத்து வெண்மை செம்மஞ்சளாக மாறி விம்மியது, கலியாண வீட்டுப் பந்தலுக்குள் விளக்கேற்றியதுபோல அழகாக இருந்தது, அந்த அழகுதான் அவளை நடுங்க வைத்தது. புகை மஞ்சோடு கலந்தது. யாரோ கயிற்றை இழுத்து அறுத்துவிட்டார்கள். அலறல் எல்லாப் பக்கமும் எழுந்தது.

"பெரிய கதவத் தொறங்க, புகை போகட்டும்!" என்று தங்கையா கத்தினார்.

"தொறக்காதீங்க! காத்து வந்தா மொத்தமா பிடிச்சுக்கும்!" என்றது இன்னொரு குரல்.

இரண்டு குரலும் அவளுக்குத் தெரிந்த குரல்கள், இரண்டும் பொய் பேசாத குரல்கள். இங்கே யாரிடமும் திரும்பக் கேட்க நேரமில்லை.

"பெரிய கதவ யாரும் தொடக்கூடாது!" என்றாள். "தங்கையா, டிரையர் ஃபேன நிறுத்துங்க. மத்தவங்க கீழ உக்காருங்க, தவழ்ந்து வாங்க. என் குரலப் பிடிச்சுகிட்டு வாங்க. பேக்கிங் பக்கத்துச் சின்னக் கதவுல நிக்கறேன்."

அவள் கதவோரம் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. பஸ் நிறுத்தங்களைச் சொன்னதாகச் சிலர் சொன்னார்கள், பாடியதாகச் சிலர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அவளைத் தொட்டுக் கடக்கும்போது, யாரும் கேட்காமலே தங்கள் பெயரைச் சொன்னார்கள். செவனம்மா மேடம். தங்கையா மேடம். கர்ப்பிணிப் பெண் தன் பெயரையும் சொல்லி, பிறக்காத பிள்ளைக்கு வைத்திருந்த பெயரையும் சொல்லிவிட்டுப் போனாள். குரல்கள் தீர்ந்து வந்தபோது அவளுக்கு ஏதோ குறைந்தது. மாதக்கணக்காக ஓயாமல் கேட்டுச் சலித்த ஒரு சத்தம் அங்கே இல்லை.

"இருமல் எங்க?" என்றாள்.

யாரும் பதில் சொல்வதற்குள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். பின்னால் அவள் கணுக்காலை ஒரு கை பிடித்துக்கொண்டது. "போங்க, நான் பிடிச்சுருக்கேன்" என்றார் தங்கையா. அடுப்பருகே விறகுக் குவியலில் சாய்ந்து கிடந்தார் போஜன், குழாயின் வாயை ஈரச் சாக்கால் அடைத்த கை அப்படியே இருந்தது. இருவருமாக இழுத்தார்கள். அவரைப் புல்லில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, செவனம்மா நெஞ்சைத் தேய்க்கத் தேய்க்க, வெகுநேரம் கழித்து அவர் ஒருமுறை இருமினார். அங்கே நின்ற அத்தனை பேரும் அழுதார்கள்.

மணலும் ஈரச் சாக்குமாகக் கொண்டுபோய்த் தீயை அணைத்தார்கள். டிரையரில் பாதி கருகிவிட்டது, கட்டடம் தப்பியது. கடைசியாகப் பெரிய கதவைத் திறந்தபோது புகைதான் வெளியே வந்தது. மஞ்சு உள்ளே இல்லை. எப்போது போனது, எந்த வழியாகப் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் போஜனின் கட்டிலருகே தமயந்தி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னீங்க" என்றாள்.

"சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமே, போஜண்ணா."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் கொஞ்சம் நின்னு கேட்டிருக்கலாம்."

அவள் தலையசைத்தாள். பிறகு இருவரும் அவர் மனைவி கொண்டுவந்த கஞ்சியைப் பற்றிப் பேசினார்கள்.

டிரையரைச் சரிசெய்து ஃபேக்டரி மறுபடி ஓடத் தொடங்கியபோதுதான், மஞ்சு போனது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. வெளிச்சத்தில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. மஞ்சுக்குள் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருந்தது. குனிந்த தலையோடு வேலை செய்தார்கள். தமயந்தி நடந்து வந்தால் பேச்சு நின்றது. "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் சரியா இருக்கு" என்றார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற அந்த வார்த்தையைக் கேட்டு அவள் ராத்திரி தூங்கவில்லை.

அந்த நாட்களில்தான் தலைவர் போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது.

"தமயந்தி, ரொம்ப சந்தோசம். கீழ்க்கொரை ஃபேக்டரிய பூட்டப் போறோம். அந்த இலையெல்லாம் திங்கள்கிழமையிலருந்து உங்களுக்குத்தான் வரும். இதே ஆளுங்கள வச்சு ரெண்டு ஷிப்டு ஓட்டுங்க. அடுத்த வருசம் மண்டல மேனேஜர் நீங்கதான். சரின்னு சொல்லுங்க, உத்தரவு போட்டுறலாம்."

அவளுக்கு அது வேண்டியிருந்தது. இருபது வருடமாக வேண்டியிருந்தது. 'சரி' என்ற சொல் நுனிநாக்குவரை வந்து உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் இருங்க சார். கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

"யாரக் கேக்கணும்? நீங்கதானே மேனேஜர்?"

அவள் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். எந்திரங்களை நிறுத்தச் சொன்னாள். வெயில் ஜன்னல் வழியாக நீளநீளமாகத் தரையில் விழுந்துகிடந்தது, தூசு அதில் மினுங்கி மினுங்கி ஏறியது, ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது, அவளுடையதும் எல்லோருக்கும் தெரிந்தது. தலைவர் சொன்னதை அப்படியே சொன்னாள். தனக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"என்ன சொல்றீங்க?" என்றாள்.

தங்கையா தன் செருப்பைப் பார்த்தார். பெண்கள் முந்தானை நுனியை முறுக்கினார்கள். மாடியிலிருந்து ரிசீவருக்குள் தலைவர் ஹலோ ஹலோ என்பது கொசுவின் சத்தமாகக் கேட்டது. அவள் அசையாமல் நின்றாள். அந்த மௌனத்தைத் தானே பேசி நிரப்பிவிடலாம் என்று மனசு பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மேகம் சூரியனைக் கடந்து, தரையில் கிடந்த வெளிச்சம் அணைந்து மறுபடி எரிந்தது.

செவனம்மா தலையை நிமிர்த்தினாள். நேராகத் தமயந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"மேடம், முடியாதுன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

தமயந்தி யோசித்தாள்.

"கோவம் வரும்" என்றாள். "வந்தாலும் சொல்லுங்க."

செவனம்மா கையிலிருந்த தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு எட்டு முன்னால் வந்து, வெளிச்சத்தில் நின்று பேச ஆரம்பித்தாள்.